சந்தனத்துக்குள் ஒரு வியாழக்கிழமை

பிராமிக்கு எரிச்சலாக வந்தது. இதோடு நான்காவது தடவை.

"வியாழக்கிழமை லீவு கேட்டியாம்மா?"

"கேட்டேன். முதலாளி கார்த்திகை தீபம் முடியட்டும்னுட்டார்," என்றாள் அம்மா சுனந்தா, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே.

முன்பு பௌர்ணமி முடியட்டும் என்றார். அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி. திருவண்ணாமலையில் விசேஷம் என்றைக்கு முடிந்திருக்கிறது?

அம்மாவுக்குத் தேரடித் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடையில் வேலை. வாரத்தில் ஏழு நாளும் நின்றபடியே வேலை. முதலாளி ஆதிமூலம் கெட்டவர் இல்லை. பசி என்று வருபவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். லீவு என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறாது.

1968-ஆம் வருஷம் குழந்தைகள் தினம் வியாழக்கிழமையில் வந்தது. பள்ளி நாடகத்தில் பிராமிக்கு ஆலமர வேஷம். வசனம் கிடையாது.

"சும்மா நிக்கறதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"நீ தினமும்தான் நிக்கறே. நான் நிக்கறதை ஒருநாள் உக்காந்து பாரேன்."

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பிராமி கடைக்குப் போனாள். தீபத்துக்காகக் கடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா ஏணியில் நின்று குடங்களை இறக்கினாள்.

"சாமி படமெல்லாம் நான் துடைக்கிறேன்மா. உனக்கு வேலை கம்மியாகும்."

படங்களுக்கு நடுவே ஒரு தகரப் பலகை தொங்கியது. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. மாலைகூடப் போட்டிருந்தது.

"இது எந்தச் சாமிங்க?"

"எங்கப்பா மாட்டினதும்மா. ஏதோ எந்திரத் தகடு," என்றார் ஆதிமூலம். "வெள்ளி தவறாம சந்தனம் வச்சுடுவேன். பாத்துத் துடை."

பிராமி புளியை நனைத்துத் தேய்த்தாள். சந்தனம் கரைந்து ஓர் எழுத்து தெரிந்தது. பிறகு எல்லாமே தெரிந்தன.

'வார விடுமுறை: வியாழக்கிழமை. சட்டப்படி பணியாளர்களுக்கு முழு நாள் விடுமுறை உண்டு. அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது.'

உரக்கப் படிக்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் ஓர் அம்மாள் அண்டா விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிரில் படித்தால் முதலாளிக்குத் தலைகுனிவாகிவிடும். பிராமி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாளோ அண்டாவை ஐந்து தடவை தட்டிப் பார்த்தார். ஆறாவது தடவையும் தட்டினார். பிறகு, "நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார்.

பிராமி பலகையை மேசைமேல் வைத்தாள்.

ஆதிமூலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"இது பழைய சட்டம்மா."

"எதிர்ல அரிசிக் கடையை இப்பவும் புதன்கிழமை பூட்டறாங்களே. அது எந்தச் சட்டங்க?"

அவர் மூக்கைச் சொறிந்தார். "லீவுன்றது நானா பாத்துக் குடுக்கறதுன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன்," என்றாள் அம்மா ஏணியிலிருந்து.

"தினமும் இதைக் கும்பிடறீங்க," என்றாள் பிராமி மெதுவாக. "அது கேக்கறதைக் குடுத்துடலாமே."

ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"வியாழக்கிழமை மட்டும் எங்கப்பா மத்தியானம் எங்களோட உக்காந்து சாப்பிடுவார். ஏன்னு இப்பத்தான் தெரியுது," என்றார். "சுனந்தா, முதல்ல ஏணியை விட்டு இறங்கு. வியாழக்கிழமை வராதே. இனிமே எந்த வியாழக்கிழமையும்."

பலகையை அவரே திரும்ப மாட்டினார். விரலில் சந்தனம் தொட்டு, எழுத்தில் படாமல் மூலையில் ஒரே ஒரு பொட்டு வைத்தார்.

ஆலமரம் சிரிக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் வியாழக்கிழமை, முன்வரிசைப் பாயில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மரம் சிரித்துவிட்டது.