கண்ணாடிக்குள் எட்டுப் பேர்

சில்லு யாரையும் அடிக்கவில்லை. எதையும் திருடவில்லை. மவுஸை நாலு முறை சொடுக்கினாள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான்.

சில்லுவின் அம்மா வேலை செய்யும் கடையில் கண்ணாடிக் கட்டிக்குள் படம் போடுவார்கள். கண்ணாடியின் மேலே அல்ல, உள்ளே. பாதிச் செங்கல் அளவுக்குத் தெளிவான ஒரு கட்டி. அதற்குள் லேசர் ஒளி புகுந்து பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளை வைக்கும். ஒரு முகத்துக்கே ஆயிரக்கணக்கில் புள்ளிகள். எல்லாம் சேர்ந்தால் கண்ணாடிக்குள் ஆளே வந்து நிற்பது போல இருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதுகூடத் தெரியும்.

ஆனால் போட்டோவை அப்படியே மெஷினுக்குக் கொடுத்துவிட முடியாது. முதலில் கம்ப்யூட்டரில் அதைத் தயார் செய்ய வேண்டும். பின்னால் இருக்கும் மரம், சுவர், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். தலைமுடியைக் கொஞ்சம் வெளுப்பாக்க வேண்டும். கருப்பான இடத்தில் லேசர் புள்ளி வைக்காது. அப்படியே விட்டால் எல்லாரும் மொட்டையாகிவிடுவார்கள். கடைசியில், எது கிட்டே இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். கிட்டே இருப்பதற்கு வெள்ளை, தூரத்தில் இருப்பதற்குக் கருப்பு. மூக்கு நுனி வெள்ளை, காது சாம்பல். மாற்றிப் பூசினால் மூக்கு உள்ளே போய், காது முன்னால் வந்து நிற்கும்.

பத்து வயதில் சில்லுவுக்கு இதெல்லாம் அத்துப்படி. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, காலியாகக் கிடக்கும் இரண்டாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பள்ளி வேன் ஓட்டும் மாமா வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்ததும், அவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்டு வேன் பிள்ளைகள் எல்லாரும் சில்லுவிடம்தான் வந்தார்கள்.

"பேனா மட்டும் வேணாம்," என்றான் குண்டூசி. வேனிலேயே சின்னவன் அவன். "வேன் சாவியவே தினமும் தேடுறாரு. பேனாவ எங்க வச்சுக்கப் போறாரு?"

ஆகவே வேனுக்கு முன்னால் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். பள்ளிக் காவலாளி போட்டோ எடுத்தார். சில்லு அம்மாவைக் கெஞ்சி ஒரு கண்ணாடிக் கட்டியை வாங்கினாள். அந்த அளவில் கடையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை சாயந்திரம் போட்டோவைத் திறந்து பெரிதாக்கினாள். அவள் முகத்தில் பாதியைக் காணோம்.

பக்கத்தில் நின்ற நெட்டை, படம் எடுக்கும் நேரம் பார்த்துக் குனிந்திருந்தாள். நெட்டைக்குப் பன்னிரண்டு வயது. வேனில் ஏறும்போது தலை இடிக்காமல் இருக்க இரண்டாக மடிந்துதான் ஏறுவாள். அவள் தலை சில்லுவின் வலது கண்ணையும், கன்னத்தையும், பாதி வாயையும் மூடியிருந்தது.

'எல்லா வேலையும் நான்தான் செய்யுறேன். நான் மட்டும் ஒத்தைக் கண்ணியா நிக்கணுமா?'

சில்லு நெட்டையைச் சுற்றிக் கோடு போட்டாள். பட்டனை அழுத்தினாள். குப்பைத்தொட்டி போன மாதிரியே நெட்டையும் போனாள்.

இப்போது அங்கே ஓட்டை. சில்லு தன் முகத்தின் இடது பாதியை நகலெடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டினாள். முகம் முழுசாகிவிட்டது. கன்னத்தில் ஒரு குழி இருந்தது இரண்டானது. மூக்கின் பக்கத்தில் இருந்த மச்சமும் இரண்டு. தலையில் கிளிப்பும் இரண்டு. நெட்டை நின்ற இடம் தெரியாமல் இருக்க மற்றவர்களை நெருக்கி நகர்த்தினாள். வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக நின்றது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அம்மா போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

"இல்ல சார், உங்க நாய் வால நாங்க வெட்டல. போட்டோலயே அது வாலு மேலதான் உக்காந்திருக்கு." போனைக் கையால் பொத்திக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

பொய் தடுக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது.

மெஷின் அரை மணி நேரம் டிக் டிக் என்று ஓடியது. கட்டிக்குள் எட்டுப் பேர் பளிச்சென்று நின்றார்கள். சில்லு அதை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை காலை. கிளம்பும் முன் வேன் மாமா வழக்கம்போலத் திரும்பி விரலை நீட்டித் தலை எண்ணினார். ஒன்பது வராவிட்டால் வேன் நகராது. குண்டூசி சீட்டுக்கு அடியில் அழிரப்பர் தேடிய அன்றைக்கு, அவன் தலை வெளியே வரும்வரை ஐந்து நிமிடம் நின்றார்கள்.

"ஏழு, எட்டு, ஒன்பது. போலாம்."

சில்லுவுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. இவர் கண்ணாடியையும் எண்ணுவார். எண்ணாமல் இருக்க இவருக்குத் தெரியாது.

பக்கத்து சீட்டிலிருந்து நெட்டை அவள் காதருகே குனிந்தாள்.

"படம் வந்துடுச்சா? நான் அதுல தெரியுறேனா?"

"ஏன் கேக்குற?"

"எல்லா போட்டோலயும் எனக்குத் தலை கட்டாயிடும். கிளாஸ் போட்டோல கழுத்து வரைக்கும்தான் இருக்கேன். எங்க அம்மா அதுல என் ஷூவ வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. இந்த வாட்டி நீ கத்துனேல்ல, 'குனிடீ, போர்டு மறைக்குது'ன்னு? நல்லா குனிஞ்சுட்டேன். முழுசா வந்திருப்பேன்ல?"

அப்போதுதான் சில்லுவுக்கு ஞாபகம் வந்தது. வேன் மேலிருந்த பள்ளிப் பெயர்ப்பலகையை நெட்டையின் தலை மறைக்கிறது என்று கத்தியது அவளேதான். அந்தப் பலகையையும் நேற்று அவளே நீக்கியிருந்தாள்.

"நல்லா வந்திருக்க," என்றாள் சில்லு.

நெட்டை சிரித்தாள். சில்லுவுக்கு இரண்டு காதும் சுட்டன. பள்ளி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கணக்கு டீச்சர் ஏதோ கேட்டதற்கு "எட்டு" என்றாள். டீச்சர் கேட்டது வீட்டுப்பாட நோட்டை.

சாயந்திரம் கடைக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். கட்டியை விளக்கருகே பிடித்து எண்ணினாள்.

"நான் கேட்டப்ப இருக்காங்கன்னு சொன்ன."

"சொன்னேன்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேற கட்டி இல்லையாம்மா?"

"வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"இதுலேயே அழிச்சுட்டு..."

"கண்ணாடிக்குள்ள வச்ச புள்ளிய எதால அழிப்ப? குண்டூசியோட ரப்பராலயா?"

சில்லு கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டுப் பேர். நடுவில் இரண்டு மச்சத்தோடு அவள். வலது ஓரத்தில், நேற்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்ட காலி இடம்.

"அழிக்க முடியாது," என்றாள் மெதுவாக. "சேக்கலாம்ல?"

அம்மா சில்லுவின் கையிலிருந்து கட்டியை வாங்கினாள். ஸ்கேலை எடுத்து அந்த ஓரத்தை அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள்.

"பழைய புள்ளி மேல புதுசு விழுந்தா கட்டி பொளந்துடும். ஓரத்துக்கு ரொம்பக் கிட்டப் போனாலும் விரிசல்தான். எல்லாம் போக பதினொரு மில்லிமீட்டர் இருக்கு. ஒரு ஆளு நிக்கலாம். ஆனா நிமிந்து நிக்கணும். குனிஞ்சா இடம் பத்தாது."

"போட்டோல அவ குனிஞ்சுதானே இருக்கா?"

"அப்போ புதுசா எடு." அம்மா தன் போனை நீட்டினாள்.

"நீயே அவங்க அம்மாகிட்ட போன்ல கேளேன்."

"அவளத் தூக்குனது நானா? நீ போ. எதுக்குன்னு சொல்லித்தான் எடுக்கணும். வேற ஏதாவது கதை விட்டு எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சுது, மெஷின நான் தொட மாட்டேன்."

நெட்டையின் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். ஒவ்வொரு படியிலும் சில்லு திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். மேலே நெட்டை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு ஸ்டூல் தேவைப்படும் உயரத்தில் இருந்த கொடிக்கு அவள் கை சாதாரணமாக எட்டியது.

"என்னடீ, இந்தப் பக்கம்?"

"கண்ணாடியில நீ இல்ல," என்றாள் சில்லு. சுற்றி வளைத்தால் சொல்லவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். "என் மூஞ்சிய நீ மறைச்சிருந்த. அதனால உன்ன எடுத்துட்டேன். காலையில சொன்னது பொய்."

நெட்டை கையிலிருந்த சட்டையை உதறினாள். கொடியில் போட்டாள். ஒரு கிளிப் மாட்டினாள். இன்னொரு கிளிப் மாட்டினாள். ஒரு சின்னச் சட்டைக்கு நாலு கிளிப் மாட்டிய பிறகுதான் திரும்பினாள்.

"குனியச் சொன்னது நீதானே?"

"ஆமா."

"நிமிந்தா போர்டு மறைக்குதுங்கற. குனிஞ்சா மூஞ்சி மறைக்குதுன்னு தூக்கிடுற. நான் எங்கதான்டீ நிக்கிறது?"

சில்லு தன் செருப்பு நுனியைப் பார்த்தாள்.

"ஓரத்துல இடம் இருக்கு," என்றாள் கடைசியில். "பதினொரு மில்லி. அம்மா அளந்தாங்க. ஆனா நீ நேரா நிக்கணும். குனிஞ்சா கட்டி உடைஞ்சிடும்."

"சும்மா சொல்லாத."

"நிஜமா. வந்து பாரு. முதல்ல ஒரு சுவர் முன்னால உன்னப் புதுசா போட்டோ எடுக்கணும்."

நெட்டை காலி வாளியை ஓரமாக வைத்தாள். "எனக்குக் கோவம் போகல. அதையும் சொல்லிடுறேன்."

"சரி."

"எந்தச் சுவர்?"

வெளிச்சம் விழுந்த வெள்ளைச் சுவர் முன்னால் நெட்டை நின்றாள். போனைப் பார்த்ததும் பழக்கத்தில் தோள் தானாக மடங்கியது.

"நிமிரு," என்றாள் சில்லு.

கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"இன்னும்."

நெட்டைக்குக் கழுத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மூன்றாவது முறைதான் முழு உயரத்துக்கு வந்தாள். படத்துக்குள் அவளைக் கொண்டுவரச் சில்லு மாடிப்படி வரை பின்னால் போக வேண்டியிருந்தது.

இருவரும் கடைக்கு வந்தார்கள். கட்டியில் இரண்டு மச்சத்தோடு இருக்கும் சில்லுவின் முகத்தை நெட்டை கவனித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சில்லு வேலையைத் தொடங்கினாள். முடியை இழை இழையாகப் பிரித்து வெளுப்பாக்கினாள். மூக்குக்கு வெள்ளை, காதுக்குச் சாம்பல். உயரத்தைக் குறைக்கவும் ஒரு பட்டன் இருந்தது. அதன் பக்கம் அவள் போகவில்லை.

"என் மூக்கு இவ்ளோ பெருசா?" என்றாள் நெட்டை.

"பெருசாக்கிப் பாக்குறோம்ல, அதான்."

அம்மா கட்டியை மெஷினில் நேற்று வைத்த அதே மூலையில், அதே பக்கமாக அழுத்தி வைத்தாள். பட்டனைத் தட்டினாள். ஐந்து நிமிடம். ஒவ்வொரு டிக்குக்கும் சில்லுவின் நகம் உள்ளங்கையில் பதிந்தது. விரிசல் விழுந்தால் எட்டுப் பேரும் போவார்கள்.

மெஷின் நின்றது. கட்டி முழுசாக இருந்தது. வலது ஓரத்தில், மற்றவர்களைப் போலவே முழங்கால் வரை, நெட்டை நின்றாள். தனியாக எடுத்த படம் என்பதால் மற்றவர்களைவிடப் பளிச்சென்று, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக.

நெட்டை குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஷூ தெரியலையே," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், பள்ளி வாசலில் வேன் கிளம்பும் முன் குண்டூசி பெட்டியைக் கொடுத்தான். வேன் மாமா கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, எதிர்பார்த்தபடியே, விரலை நீட்டினார்.

"ஒன்பது," என்றார். உடனே புருவத்தைச் சுருக்கினார். "நெட்டைப் பாப்பா கொடிக்கம்பம் மாதிரி நல்லா நிக்குது. குண்டூசி வாயத் திறந்துகிட்டு நிக்கிறான். எல்லாரையும் தெரியுது. நடுவுல இந்தப் பொண்ணு யாரு? நம்ம வேன்ல வந்ததே இல்லையே."

எட்டுத் தலைகள் முட்டிக்கொண்டு பார்த்தன.

"துணிக்கடை பொம்மை," என்றான் குண்டூசி.

போட்டோ சரியில்லை என்று சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள். சில்லு நெட்டையைப் பார்த்தாள். நெட்டையும் அவளையே பார்த்தாள்.

"நான்தான் மாமா," என்றாள் சில்லு. முகம் கொதித்தது. "பாதி மூஞ்சிதான் தெரிஞ்சுது. நெட்டை மறைக்கிறான்னு அவளை எடுத்துட்டு, மீதி மூஞ்சிய நானே ஒட்டிக்கிட்டேன். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சுது. நேத்துதான் அவளத் திரும்பச் சேத்தோம். என் மூஞ்சிய மட்டும் ஒண்ணும் பண்ண முடியல."

மாமா கட்டியைப் பார்த்தார், சில்லுவைப் பார்த்தார், மறுபடியும் கட்டியைப் பார்த்தார்.

"அதான் ரெண்டு ரெண்டா தெரியுதா?" என்றார். "நான் கண் டாக்டர்கிட்டப் போகணுமோன்னு பயந்துட்டேன்."

முதலில் வெடித்துச் சிரித்தது நெட்டைதான். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அது அடங்கவே ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் வேன் முழுக்கச் சிரித்தது. சில்லுவும்கூட, கொஞ்சம் தாமதமாக.

மாமா ஓட்டி முடிக்கும்வரை கட்டியை நெட்டையின் மடியில் வைத்தார்கள். சில்லு பின் சீட்டைப் பார்த்து நடந்தாள். நெட்டை அவள் பை வாரைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எந்த மச்சம்டீ நிஜம்?"

சில்லு தன் மூக்கின் இடது பக்கம் விரலை வைத்துக் காட்டினாள்.