போதும் என்று சொல்லும்வரை

ஊசி அக்கா வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் படுத்திருந்தது பஞ்சு. அத்தனை இடம் காலியாகக் கிடந்தும், கீழே விழுந்துவிடுகிற மாதிரி விளிம்பை ஒட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

"எறங்கி வாடா, சாப்பிடலாம்" என்றாள் ஊசி அக்கா. நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

ஊசி அக்கா என்பது ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வைத்த பெயர். பாவம், அவள் யாருக்கும் ஊசி போட்டதே கிடையாது; ஆபரேஷனுக்கு முன் பிள்ளைகளின் பயத்தைப் போக்குவதுதான் அவள் வேலை. ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, முதலில் பொம்மைக்குப் போடச் சொல்வாள். மயக்க மருந்து மாஸ்கில் ஸ்ட்ராபெரி வாசனை தடவி, "பலூன் ஊது பார்ப்போம்" என்று மூச்சுவிடப் பழக்குவாள். அப்படியும் நடுங்குகிற பிள்ளையின் பக்கத்தில் பஞ்சு ஏறிப் படுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையே தன் வாயால் "போதும்" என்றால்தான் எழுந்திருக்கும். எதற்கும் வேண்டாமென்று சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு, இது ஒன்றாவது அவர்கள் இஷ்டப்படி நடக்கட்டும் என்றுதான் அப்படிப் பழக்கியிருந்தாள்.

போன வாரம் ஆபரேஷனுக்குப் போன, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற பிள்ளை மட்டும் "போதும்" சொல்லவில்லை. வார்டையே இரண்டாக்குகிற அந்த வாய் அன்றைக்கு இறுக மூடிக்கொண்டது.

"சொல்ல மாட்டேன். சொன்னா போயிடும்."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவசரப்படுத்த, ஊசி அக்கா பஞ்சுவைக் கயிற்றைப் பிடித்து இறக்கினாள். "வெளிய வந்து சொல்லு, செல்லம். அதுவரைக்கும் பஞ்சு உன்னோடதுதான்."

வாயாடி உயிரோடு வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து பஞ்சு சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கி இறக்கினாலும் மறுபடி அதே இடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. தடவியபோது விலா எலும்பு கையில் தட்டுப்பட, அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் பேசினால் வாலாட்டவாவது இந்த வீட்டில் இருந்த ஒரே ஜீவன். இதுவும் போய்விட்டால் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?

வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நாய்க்கும் துக்கம் இருக்கும்லக்கா. நீங்க தனியா இருந்துக்கிட்டு மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

போனை வைத்ததும், மேல்வீட்டில் நாற்காலி இழுபடுகிற சத்தமும் குழாய் சொட்டுகிற சத்தமும் ஒவ்வொன்றாய் அடங்க, மழைக்கு மூடிய ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, எங்கிருந்தோ ஒரு வாசனை மெல்ல அறைக்குள் பரவி அவள் தொண்டைவரை இனித்தது.

ஸ்ட்ராபெரி.

பிறகு மூச்சு. பிளாஸ்டிக்குக்குள் விடுகிற மூச்சு. உள்ளே. வெளியே. பஞ்சுவுடையது இல்லை. சுவர்ப் பக்கம் தலையணை சின்னதாகக் குழிந்திருந்தது.

ஓடிவிடலாம். பஞ்சுவை விட்டுவிட்டு எங்கே ஓட?

"வாயாடி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அது பட்டினி கெடக்குது கண்ணு. விட்டுடு. வேணும்னா அதுக்குப் பதிலா நான் படுத்துக்கறேன்."

மூச்சு நின்றது.

"போதும்."

பஞ்சு துள்ளி இறங்கியது. தட்டில் தலையைக் கவிழ்த்து மொறுமொறுவென்று தின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அவ்வளவுதானே! இவ்வளவுதானே கேட்டது!

"அக்கா."

சொன்ன வாக்கு. கட்டிலின் ஓரத்தில் படுத்தாள். சில்லென்ற சின்ன விரல்கள் அவள் கைக்குள் நுழைந்தன.

பஞ்சு தின்று முடித்தது. கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் நின்று வாலாட்டியது. வெளியே போகிற நேரம்.

எழப் பார்த்தாள். முடியவில்லை.

"போதும்னு சொல்லு, செல்லம்."

"சொன்னா போயிடுவீங்க."

"மாட்டேன்டா. பஞ்சு காத்துக்கிட்டு இருக்குல்ல..."

ஸ்ட்ராபெரி வாசனை நெருங்கி வந்தது. மூக்கின் மேல் ஏதோ கவிந்தது. பிளாஸ்டிக். சில்லென்று.

"பலூன் ஊதுங்க பார்ப்போம்."

வாசலில் பஞ்சுவின் வால் நின்றது. கயிறு வாயிலிருந்து நழுவியது. அது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தது.