நண்டே வந்து தொடட்டும்

ரேடியோவுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். அவளே சொல்ல ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் நிறுத்தவே மாட்டாள்.

அன்று கடல் ஆராய்ச்சி நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ரேடியோவின் அக்கா அங்கே பயிற்சி மாணவி. கல்லூரி விடுமுறை முழுவதும் அங்கேயே வேலை பார்த்து, ஒரு தொட்டியைத் தன் கையாலேயே அமைத்திருந்தாள். உள்ளே கடல்நீர், மணல், பாசி படிந்த கற்கள். நடுவில் ஒரு துறவி நண்டு. மேலே ஒரு பலகை: ‘தொட்டுப் பார்க்கலாம்.’

நிலையத்தின் தலைவரான மேடத்துக்கு அந்தப் பலகை பிடிக்கவே இல்லை.

“இத்தனை பேர் கை வச்சா நண்டு தாங்குமாம்மா?” என்று முதலிலேயே கேட்டார்.

“நான் பாத்துக்கறேன் மேடம்” என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

எள் போட்டால் எள் விழாத கூட்டம். கூட வந்த அப்பா திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் மெய்மறந்து நின்றுவிட்டார். ரேடியோ மட்டும் அக்காவின் வரிசையில் நின்று, ஒருவழியாகத் தொட்டியருகே வந்து சேர்ந்தாள்.

பார்த்தால், வெறும் சங்கு!

“நண்டு எங்கக்கா?”

“அதுதான் நண்டு. உடம்பு மெத்துனு இருக்கும். அதனால காலிச் சங்குக்குள்ள குடியிருக்கும். போற இடமெல்லாம் சங்கையும் இழுத்துட்டே போகும்.”

“துறவின்னா வீட்டை விட்டுட்டுல்ல போகணும்? இது வீட்டையே முதுகுல தூக்கிட்டுத் திரியுதே!”

அக்கா சிரிக்கவில்லை. அவள் முகம் வாடிக் கிடந்தது. காலையிலிருந்து ஆளாளுக்குச் சங்கைத் தட்டியிருந்தார்கள், உருட்டியிருந்தார்கள். நண்டு உள்ளே சுருண்டு, பெரிய கொடுக்கைக் கதவு மாதிரி குறுக்கே வைத்து அடைத்துக்கொண்டது.

“இவ்வளவு தூரம் வந்து வெறும் சங்கைப் பாத்துட்டுப் போகவா?” என்றார் ஒரு தொப்பி மாமா. விரலால் இன்னொரு முறை டொக் டொக் என்று தட்டினார்.

“தட்டாதீங்க சார், ப்ளீஸ்” என்று அக்கா சொன்னது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

அதற்குள் மேடம் வந்து எட்டிப் பார்த்தார். “அது ரொம்பப் பயந்து போயிருக்கும்மா. இதுக்கு மேல வேண்டாம். நான் போய் மூடி எடுத்துட்டு வரேன், தொட்டியை மூடிடலாம்.”

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. ரேடியோவுக்கு அக்காவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, நண்டைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

“அக்கா, வீட்டுக்கு யாராவது வந்து என் கன்னத்தைக் கிள்ளினா நான் என்ன பண்ணுவேன்?”

“குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவ. இப்ப எதுக்குடி அது?”

“கதவைத் தட்டத் தட்ட வரவே மாட்டேன்ல? என்னைக் கண்டுக்காம விட்டாதான வருவேன்? நண்டும் அப்படித்தான்!”

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சங்கைப் பார்த்தாள். “நீ சொல்லிப் பாரு. என் குரல் எடுபடலை” என்றாள்.

ரேடியோ ஒரு முக்காலியில் ஏறினாள்.

“எல்லாரும் கேளுங்க! யாரும் நண்டைத் தொடக் கூடாது. நண்டுதான் நம்மளைத் தொடும்! கையைத் தண்ணிக்குள்ள விரிச்சு வச்சுட்டு சும்மா இருங்க. பேசக் கூடாது, அசையக் கூடாது. யார் கை நல்ல கைன்னு அதுவே முடிவு பண்ணட்டும்!”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒரு சின்னப் பையன் முதலில் கையை வைத்தான். அவன் அம்மா வைத்தார். “ம்ஹும், இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று முணுமுணுத்தபடி தொப்பி மாமாவும் வைத்தார்.

யாரும் பேசவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் சங்கு அப்படியே கிடந்தது. பிறகு கொடுக்கு லேசாக விலகியது. மெல்லிய மீசை ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் துழாவியது. குட்டிக் குட்டிக் கண்கள் எட்டிப் பார்த்தன. கால்கள் வந்தன. சங்கு நகர்ந்தது!

சின்னப் பையனின் விரலை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அவன் அம்மாவின் கையைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் தொப்பி மாமாவின் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து மேடம் பெரிய மூடியுடன் உள்ளே வந்தார். “சரி, எல்லாரும் கொஞ்சம் தள்ளி...”

“உஷ்!” என்றார் தொப்பி மாமா. அவர் உடம்பெல்லாம் கூசியது, ஆனால் கை மட்டும் அசையவில்லை. “மெதுவா பேசுங்க மேடம். பயந்துடும்.”

மேடம் தொட்டிக்குள் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் அக்காவைப் பார்த்தார். மூடியைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே, ரேடியோவின் காதருகே குனிந்து கேட்டார்: “வரிசை எங்கம்மா முடியுது?”