மொட்டை மாடிக் குழாய்

காலை ஏழு மணிக்கு மோட்டார் களவு போனது தெரிந்தது. பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு.

கொல்லையில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டை விற்கிறவர் பெயிண்டரின் சட்டையைப் பிடித்திருந்தார். பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"பின்வாசல் சாவி இவன்கிட்டதான் இருந்துச்சு ஏட்டம்மா. பிடிச்சு உள்ள தள்ளுங்க."

"முதல்ல கையை எடுங்க."

ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த ஏட்டம்மாவுக்குச் சத்தம் போடுகிறவர்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

வீட்டை வாங்க வந்த பஸ் டிரைவரும் மனைவியும் சுவரோரம் நின்றார்கள். வாடகை வீடுகளில் மாறி மாறிச் சலித்தவர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் இன்றைக்குக் கைமாறப் போகிறது.

"மோட்டாரைப் போட்டுக் காட்டுங்கன்னு நேத்து கேட்டேன். காலையில காட்டறேன்னாரு," என்றாள் மனைவி.

"புதுசே வாங்கித் தர்றேம்மா. ஒரு மோட்டாருக்காகப் பதிவைத் தள்ளிப் போடுவாங்களா?"

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?" ஏட்டம்மா கேட்டார்.

"நேத்து சாயங்காலம். தொட்டி நிறைய ஏத்தி வச்சிருக்கேன், பாருங்க." சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

ஏட்டம்மா பெயிண்டரிடம் திரும்பினார். "நீ மோட்டார் போட்டதுண்டா?"

"தொடவே கூடாதுன்னுட்டாரும்மா. ஒரு வாரமா பெயிண்ட் கலக்க எங்க வீட்டிலேர்ந்து குடத்துல தண்ணி தூக்கிட்டு வந்தேன். முதுகே போச்சு."

ஏட்டம்மாவும் பெயிண்டரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். தெருப் பக்கக் கைப்பிடிச் சுவரில், கை தடிமனுக்குப் புது வெள்ளை தேய்ந்து போயிருந்தது.

"ஐயையோ! நேத்து காலையிலதானே அடிச்சேன்!" களவுப் பழியைக்கூட மறந்துவிட்டான் பெயிண்டர்.

கிணற்றிலிருந்து வரும் குழாய், தொட்டி வாய்க்கு மேல் வளைந்து நின்றது. ஏட்டம்மா குனிந்து அதற்குள் பார்த்தார். கீழே இறங்கி, விற்கிறவர் முன் வந்து நின்றார்.

"மோட்டாரைக் கழட்டினது நீங்கதான்."

"என் மோட்டாரை நானே திருடுவேனா? நல்லா இருக்கே!"

"மேல குழாய் வாயில குளவி மண்கூடு கட்டியிருக்கு. குஞ்சு பொரிச்சு, கூட்டை ஓட்டை போட்டுப் பறந்தும் போயாச்சு. அதுக்குப் பல வாரம் ஆகும். நேத்து அந்தக் குழாயில தண்ணி வந்திருந்தா மண்ணு கரைஞ்சிருக்காதா? தொட்டியில இருக்கறது லாரித் தண்ணி. தெருவிலேர்ந்து ட்யூபை இழுத்திருக்கீங்க, சுவர்ல தேய்ச்சுக்கிட்டு வந்திருக்கு. கிணறு வத்திப் போச்சு. மோட்டாரைப் போட்டா வெறும் காத்துதான் வரும், குட்டு வெளிப்பட்டுடும். அதான் மோட்டாரே மாயமாயிடுச்சு. காரிலயா வச்சிருக்கீங்க?"

விற்கிறவரின் கை தன்னையறியாமல் கார் சாவியைப் பொத்தியது.

"எழுதும்போது என் சட்டைப் பித்தானையும் சேர்த்துக்குங்க ஏட்டம்மா, ரெண்டு போச்சு," என்றான் பெயிண்டர்.

டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி விற்கிறவரிடம் நேராகப் போனாள்.

"எங்க முன்பணத்தை எடுத்து வைங்க. இப்பவே, ஏட்டம்மா முன்னாடியே." பிறகு கணவனைத் தோளில் தட்டினாள். "எந்திரிங்க. லீவு போட்டது போட்டாச்சு. ஆத்துப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருதாம், பார்த்துட்டு வந்துடலாம்."