இடது கால் மட்டும்

வலது ஷூ உள்ளே ஈரமாக இருந்தது.

மெர்சி விரலை வெளியே எடுத்துப் பட்டறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பு நீர். முகர்ந்து பார்த்தாள். ஆம்பூரில் பிறந்தவளுக்கு நாற்றம் புதிதில்லை. சுண்ணாம்புக் குழி, பசை, சாயம், பாலாற்றங்கரைச் சாக்கடை என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடுவாள். இது அவற்றில் எதுவும் இல்லை. வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றுச் சேற்றின் வாடை. பக்கத்திலேயே இருந்த இடது ஷூ மட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தால் கான்கிரீட்டில் ஒரு கறைகூட இல்லை. இருந்தாலும் ஒழுகுகிறது என்றே வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்குக் கூரியர்காரர் வந்துவிடுவார். இன்றைக்குப் பார்சல் போகவில்லை என்றால் இத்தாலியை மறந்துவிட வேண்டியதுதான்.

தொல்லியலில் எம்.ஏ. முடித்துவிட்டு ஷூ கம்பெனி பேக்கிங் மேசையில் நிற்பவளைப் பார்த்து, "ரோமாபுரி ராணி, டேப்பை எடு" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்தாயிற்று. இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது. இத்தாலியில் ஒரு ரோமானியக் குடியிருப்பைத் தோண்டிக்கொண்டிருந்த குழு, பழைய தோல் பொருட்களை ஆராய ஓராண்டு உதவித்தொகை கொடுத்து ஒரே ஓர் ஆளை எடுக்கப் போகிறது. கிணற்றின் அடியில் கிடைத்த ஒரு ஷூவின் அளவுகளை அனுப்பி, அதை அப்படியே செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கால். அடியில் இரும்பு ஆணிகள். இடது கால் மட்டும்.

கிணற்றை மூடும்போது ரோமானியர்கள் ஒற்றைச் செருப்பை உள்ளே போட்டிருப்பதை மெர்சி படித்திருக்கிறாள். ஏன் போட்டார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. இந்தக் கிணற்றில் அந்த ஷூவுக்கு மேல் விளிம்பு வரைக்கும் பாறாங்கற்கள் கிடந்தனவாம். ஒரு பிள்ளையின் செருப்பு மேல் இத்தனை கல்லா என்று படிக்கும்போது பாவமாக இருந்தது.

அவர்கள் கேட்காத வலது கால் ஷூவை அவளாக நினைத்துச் செய்யவில்லை. பட்டறை நசீமுன்னிசாவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினும், தோலை ஏற்றி ஷூவுக்கு வடிவம் பிடிக்கும் கால் கட்டைகளும் தந்து உதவியவர் அவர்தான்.

"ஒத்தக் கால மட்டும் எப்டிம்மா வெட்டறது?" என்று சிரித்தார். "சரக்கு வாங்கற பையருக்கு ஒரு கால் போனா இன்னொரு கால் நம்ம அலமாரில நிக்கணும். நாளைக்கு அவன் பேஜார் பண்ணா எதை வச்சிப் பேசுவ?"

ஊர் வழக்கம் அது. இங்கே எந்தப் பட்டறையிலும் ஒற்றைக் கால் ஷூ பிறப்பதில்லை. மெர்சியும் யோசிக்காமல் வடிவ அட்டையைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்துவிட்டாள். கடைசித் தையல் இன்று மதியம்தான் முடிந்தது.

ஈரத்தைத் துடைத்து, வலதுக்குள் காகிதத்தைத் திணித்து மேசையில் வைத்தாள். இடதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். டேப் எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது கரண்ட் போயிற்று. மழை வலுத்திருந்தது. பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே, தோல் கழிவு இறங்கிப் பாழாகிப்போன கிணறு. அதன்மேல் பலகைக்கல் போட்டு மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தக் கல் இப்போது சற்று விலகி இருந்தது.

டக்.

முன்கட்டில். சிமெண்ட் தரையில் இரும்பு ஆணி படும் சத்தம்.

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேசையில் கசங்கிய காகிதம் மட்டும் இருந்தது. தரையில் ஈரச்சுவடு, சின்னது, வலது கால். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதுவும் வலது. அதற்கப்பாலும் வலது. ஏதோ ஒன்று ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போயிருந்தது. மெர்சி பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நசீமுன்னிசாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பட்டறைக்கு யாராவது வந்தாங்களா?"

"நாயித்துக்கிழமைல யாரு வரப்போறா? இன்னா ஆச்சி? கொரலு ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுல்லக்கா."

"பயமாயிருந்தா அப்டியே போட்டுட்டு வூட்டுக்குப் போம்மா. பார்சல் நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"நாளைக்கில்லக்கா. இன்னிக்கிதான் கடைசி."

போனை வைத்துவிட்டாள். போயிருக்கலாம். அப்போது வாசல் ஷட்டருக்கும் அவளுக்கும் நடுவில் எதுவும் இல்லை. பேக்கிங் மேசையும் சூப்பர்வைசரின் சிரிப்பும் கண்முன் வந்தன. பெட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

டக். மெஷின்களுக்குப் பின்னால். டக். இன்னும் கிட்டத்தில். கிணற்றுச் சேற்று வாடை அறை முழுக்க ஏறியது. கைக்குள் பெட்டி கனத்தது. உள்ளே ஏதோ அசைந்து அட்டையை இடித்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பதுபோல.

டார்ச் வெளிச்சம் ஷட்டர் பக்கம் போனது. பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் வலது ஷூ நின்றிருந்தது. தோல் தொய்யவில்லை. கட்டையில் ஏற்றியதுபோல் விறைத்துப் புடைத்திருந்தது. கட்டை இரண்டும் அலமாரியில்தான் இருந்தன. ஷூவுக்கு மேலே வெறும் இருட்டு.

அப்போதுதான் புரிந்தது. அந்த ரோமானியர்கள் பிள்ளைக்காக அழுதுகொண்டு செருப்பைப் போடவில்லை. அது நடந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று வலது கால் ஷூவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அப்புறம் கல்லைப் போட்டிருக்கிறார்கள். கை ஓயும் வரைக்கும்.

வெளியே பைக் வந்து நின்றது.

"மேடம், கூரியர். பார்சல் இருக்கா?"

"இருங்க! இங்கதான் இருக்கு!"

தாண்டிப் போக முடியாது. ஆனால் பார்சல் போய்விடும். அந்த நேரத்திலும் அவள் நினைத்தது அதைத்தான். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் தெரிந்த பைக் வெளிச்சத்தைக் குறிவைத்து, பலம் கொண்ட மட்டும் பெட்டியை வீசினாள்.

பெட்டி ஷட்டரில் மோதியது. மூடி திறந்துகொண்டது.

இடது ஷூ வெளியே விழுந்து உருண்டு, வலதின் பக்கத்தில் போய் நின்றது. நேராக. அதன் தோலும் மெல்லப் புடைத்தது.

"மேடம்?" மழைச் சத்தத்தில் அவள் குரல் வெளியே கேட்டிருக்காது. "யாரும் இல்ல போல." பைக் கிளம்பிப் போய்விட்டது.

ஜோடி திரும்பியது. முனைகள் இரண்டும் அவள் பக்கம்.

டக், டக். டக், டக்.

இப்போது தாவல் இல்லை. நடை. அவசரமில்லாத நடை.

மெர்சியின் முதுகு சுவரில் முட்டியது. போன் நழுவி விழுந்து, வெளிச்சம் தரையோடு படர்ந்தது. அவளுடைய செருப்புக் காலுக்கு எதிரே, முனையோடு முனை உரச, இரண்டு சின்ன ஷூக்கள் வந்து நின்றன.

முன்பக்கத் தோல் மடிந்தது. குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. எட்டாததை எட்டிப் பிடிக்க எம்பும் பிள்ளையின் கால்.

ஈரமான ஏதோ ஒன்று அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் வந்து படிந்தது.