காணாமல் போன ஸ்பூன்கள்

வந்தவர் உட்காருவதற்கு முன் நாற்காலியின் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். பதிந்த குழி மேலே எழும்பவில்லை. அவர் முகத்தில் சின்ன இகழ்ச்சி ஒன்று ஓடி மறைந்தது. பிறகு நாற்காலி நுனியில், முதுகு சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குஷன் பட்டறை வச்சிருக்கீங்க," என்றார் துப்பறிவாளர்.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து," என்றார் வந்த பெரியவர். 'காலத்துலேர்ந்து' என்ற சொல்லின் நடுவே காற்று மெல்லச் சீறியது. அவர் உடனே மேலுதட்டை இறுக்கிக்கொண்டார். "இந்த ஸ்பாஞ்ச் செத்துப் போச்சு. மாத்திடுங்க."

துப்பறிவாளர் நரைத்த தலையும் நிதானமான பேச்சும் கொண்ட பெண்மணி. பக்கத்து மேசையில் இருந்தவர் அவருடைய தம்பி. எதையும் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பால் வீட்டார் அவருக்கு வைத்த பெயர் 'பட்டாசு'. நாற்பது வயதாகியும் பெயர் பொய்யாகவில்லை.

பெரியவர் விஷயத்துக்கு வந்தார். இறந்துபோன தம்பியின் மகன் அவர் பொறுப்பில் வளர்கிறான். பதினாறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. "அதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. அதை முதல்ல மனசுல வச்சுக்குங்க," என்றார். பட்டறையில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அவன் அடிக்கும் ஆணி வரிசையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. பள்ளி விட்டால் பட்டறை, பட்டறை விட்டால் வீடு என்று இருந்தவன்.

கொஞ்ச நாளாக எல்லாம் தலைகீழ். பட்டறைப் பக்கமே வருவதில்லை. அறையைத் தாழிட்டுக்கொள்கிறான். உடம்பு துரும்பாக இளைத்துவிட்டது. சாப்பாட்டைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டிருக்கிறான். குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார். வாயைத் திறக்கச் சொன்னபோது அவன் எழுந்து போய்விட்டான். இதற்கெல்லாம் மேல் ஒன்று. வீட்டில் எவர்சில்வர் ஸ்பூன்கள் காணாமல் போகின்றன. சில மறுநாள் திரும்பி வருகின்றன, சில வருவதில்லை.

பட்டாசு மேசையைத் தட்டினார். "ஸ்பூனா? அக்கா, இது போதை மருந்து. ஸ்பூன்ல போட்டுச் சூடு பண்ணுவாங்க. உடம்பு இளைக்குது, கதவைத் தாழ் போட்டுக்கிறான், எல்லாம் பொருந்துது."

பெரியவரின் முதுகு இன்னும் விறைத்தது. அவருக்கும் அதே சந்தேகம்தான். சோதனை எடுத்துப் பார்த்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. தொலைவில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பேசிவிட்டார். இன்று சாயங்காலம் வேன் வருகிறது. பையனின் தாய் அழுதுகொண்டிருக்கிறாள்.

"யார் அவனுக்குக் கொடுக்கிறான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றார். "எங்க குடும்பப் பேரு வெளிய வரக் கூடாது."

"முதல்ல யாராவது கொடுக்கிறாங்களான்னு பார்ப்போம்," என்று துப்பறிவாளர் எழுந்தார்.

பெரியவரின் வீட்டில், பையனின் தாய் சமையலறையில் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிள்ளைக்கு மொறுமொறுப்பான பொருள்கள் உயிர். இப்போது கஞ்சியும் கூழுமாகக் கேட்கிறான், அதிலும் பாதியை மிச்சம் வைக்கிறான். முன்பெல்லாம் பால் ஐஸ் மாதிரி இருந்தால்தான் குடிப்பான். இப்போது வெளியே எடுத்து வைத்து, குளிர் விட்ட பிறகுதான் தொடுகிறான்.

"திரும்பி வர்ற ஸ்பூன் எப்படி இருக்கு? அடியில கறுப்பு, புகை, ஏதாவது?"

"இல்லைங்க. பளபளன்னுதான் இருக்கு. கழுவி வச்ச மாதிரி."

துப்பறிவாளர் சற்று யோசித்தார். பிறகு குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரைத் திறந்து பட்டாணிப் பொட்டலத்தைத் தூக்கினார். அதன் அடியில் ஸ்பூன்கள் உறைபனி பூத்துப் படுத்திருந்தன.

"ஒளிச்சு வச்சிருக்கான்!" என்றார் பட்டாசு.

"ஒளிச்சு வைக்க வீட்டுல இடமா இல்ல? குளிர வச்சிருக்கான். குளிர்ந்த பாலை ஒதுக்குறவனுக்குக் குளிர்ந்த ஸ்பூன் எதுக்குன்னு யோசிச்சுக்கிட்டே வா."

பையன் அறைக் கதவைத் திறந்தான். கழுத்து வரை ஸ்வெட்டர். காதில் பெரிய ஹெட்போன். சத்தம் தாங்காததால் சிறுவயது முதல் அணிவது. ஆனால் வலது காதை மட்டுமே அது மூடியிருந்தது. இடப்பக்கக் கிண்ணம் நெற்றிப்பொட்டுக்கு மேலே தள்ளப்பட்டிருந்தது. பெரியவர் அதைக் காட்டி, கூப்பிட்டால் பாதிக் காதால்தான் கேட்கிறான், அவ்வளவு திமிர் என்றார். தலையணையில் இடப்பக்கம் ஈரத் திட்டு இருந்தது.

துப்பறிவாளர் அவன் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"நான் பதில் சொல்ல மாட்டேன்," என்றான் அவன். உதடு அதிகம் அசையவில்லை. "பொய்யும் சொல்ல மாட்டேன்."

"நல்லது. நானும் கேள்வி கேட்க மாட்டேன். உன் பட்டறையைப் பார்க்கலாம்னு போறேன். நீயும் வர்றியா?"

"மூலையில இருக்கிற நாற்காலியை யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டான்.

பட்டறை, வீட்டுக்கு அடுத்த கட்டடம். தோல், பசை, தேங்காய் நார் வாசனை. ஒரு நாடகக் கொட்டகைக்கான நாற்காலிகள் வரிசையாக நின்றன. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் சிவப்புத் துணி பாதி இழுத்து அடிக்கப்பட்டு, மீதி தொங்கியது. ஆணி வரிசை நூல் பிடித்த மாதிரி ஓடி வந்து, சட்டென்று நின்றிருந்தது. வேலையைப் பாதியில் விடாதவன் பாதியில் விட்டிருக்கிறான்.

இது எந்த நாளில் நின்றது என்று துப்பறிவாளர் மேஸ்திரியிடம் விசாரித்தார். கம்ப்ரெஸரின் காற்றுக் குழாய் (ஹோஸ்) வெடித்த அன்று என்றார் மேஸ்திரி. பையனுக்குப் பின்னாலேயே வெடித்ததாம். எல்லாரும் துள்ளிவிட்டார்கள். அவன் மட்டும் சத்தமே போடாமல், வாயை மூடிக்கொண்டு, நேராக வீட்டுக்கு நடந்தானாம்.

"ஆணியைக் கையிலேர்ந்தா எடுத்து அடிப்பான்?"

மேஸ்திரி தயங்கினார். குஷன் வேலை செய்பவர்கள் ஒரு கை துணியை இழுக்க, ஒரு கை சுத்தியல் பிடிக்க, சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளுவார்கள். இங்கே அதற்குத் தடை உண்டு. போன வருஷம் ஒருவன் ஆணியை விழுங்கித் தொலைத்தபோது முதலாளி போட்ட சத்தம் பட்டறைக்கே மனப்பாடம். "வாயில ஆணி வச்சு அடிபட்டவன் அன்னைக்கே இந்தப் பட்டறைய விட்டு வெளிய போயிடணும். அது யாரா இருந்தாலும் சரி," என்றார் மேஸ்திரி, முதலாளியின் குரலிலேயே. தடை இருந்தாலும் பழக்கம் போகவில்லை என்பதை அவர் சொல்லாமல் சொன்னார்.

இதற்குள் பெரியவர், இருப்புக் கொள்ளாமல், ஒரு நாற்காலியின் முன் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் அவரிடம் வேன் எப்போது வரும் என்று கேட்டார். அவ்வளவு நன்றாகப் பேசுகிற மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். சுவர்ப்பக்கம் திரும்பி, கைக்குட்டையால் வாயை ஒற்றிய பிறகுதான் "இப்ப வந்துடும்," என்றார்.

வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, துப்பறிவாளர் எல்லாரையும் அந்தச் சிவப்பு நாற்காலியைச் சுற்றி நிற்க வைத்தார். தாய், பெரியவர், மேஸ்திரி. பையன் கொஞ்சம் தள்ளி, தோல் சுருள்மேல் உட்கார்ந்தான்.

"தம்பி, உன் கேஸைச் சொல்லு," என்றார் துப்பறிவாளர்.

பட்டாசின் சுருதி இறங்கியிருந்தது. "ஸ்பூனைச் சுட வைக்கலைக்கா. அதனால என் கேஸு புஸ்ஸுன்னு போச்சு."

"அதுதான் முதல் துப்பு. அடுத்தது பால். வாய்க்குள்ள குளிர் பட்டா அவனுக்கு ஆகலை. ஆனா ஸ்பூன் மட்டும் குளிரா வேணும். அப்ப அந்தக் குளிர் வாய்க்கு வெளியே வேணும், கன்னத்துல. ஹெட்போன்ல இடப்பக்கம் மட்டும் ஏன் மேலே? தாடையில அழுத்தினா தாங்க முடியலை. தலையணையில ஸ்பூன் ஈரமும் இடப்பக்கம். மொறுமொறுப்பு நின்னு போச்சு. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் எழுந்து போயிட்டான்." அவர் தாயைப் பார்த்தார். "உங்க பிள்ளைகிட்ட போதையும் இல்ல, கெட்ட சகவாசமும் இல்லம்மா. இடப்பக்கக் கடைவாய்ப் பல் உடைஞ்சிருக்கு. அந்த ஹோஸ் வெடிச்சப்ப திடுக்கிட்டு, வாயில இருந்த ஆணியைக் கடிச்சிட்டான். அந்த வலியோடதான் இத்தனை நாளும் இருந்திருக்கான்."

தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவரின் கையில் இருந்த சுத்தியல் மெல்ல இறங்கியது.

"பல்வலின்னா சொல்ல வேண்டியதுதானே? யாரு அடிக்கப் போறா?" என்றார் அவர்.

"சொன்னா பட்டறைய விட்டு வெளிய போகணும். நீங்க போட்ட விதி. மத்தவங்க அதைக் கோபத்துல சொன்னதுன்னு எடுத்துக்கிட்டாங்க. இவன் விதின்னா விதின்னு எடுத்துக்கிட்டான். பொய் சொல்லவும் வராது. அதனால வாயை மூடிக்கிட்டு ஒதுங்கிட்டான்."

"பாதிதான் சரி," என்றான் பையன்.

எல்லாரும் திரும்பினார்கள். துப்பறிவாளர் மட்டும் திரும்பாமல், "மீதியை நான் சொல்லலாமா, நீயே சொல்றியா?" என்று கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான். "பெரியப்பாவும் வாயில ஆணி வைப்பாரு. அவரோட முன்பல்லும் உடைஞ்சுது. நான் பார்த்தேன். விதி எல்லாருக்கும். என்னைப் பத்திச் சொன்னா அவரைப் பத்தியும் சொல்லணும். அப்ப அவரும் வெளிய போகணும். இது அவரோட பட்டறை. அதனால நான் மட்டும் வரலை."

பட்டாசு சட்டென்று பெரியவரின் வாயைப் பார்த்தார்.

பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை வாயை மறைக்கவில்லை. உதட்டை விலக்கி, எல்லாரும் பார்க்க, முனை உடைந்த பல்லைக் காட்டினார். ஒரு வருஷமாகச் சீறிய காற்றின் வழி அது. குடும்ப மானத்தைத் தான் ஒருவரே காப்பதாக எண்ணியிருந்த மனிதருக்கு, தன் மானத்தை யார் காத்தது என்று அப்போது புரிந்தது.

"விதி போட்டவன் நான். உடைச்சவனும் நான். அதனால விதி இன்னையோட ரத்து," என்றார். முதுகு வளையவில்லை. "மேஸ்திரி, ஆளுக்கொரு காந்தக் கிண்ணம் வாங்குங்க. இனி ஆணி அதுலதான், எனக்கும் சேர்த்து. அடிபட்டவன் முதல்ல வந்து சொல்லணும். அதுதான் புது விதி. சரியா, ஸ்கேல்?"

"சரி," என்றான் பையன். "அது நல்ல விதி."

வேன் வெறுமையாகத் திரும்பியது. பல் மருத்துவரிடம் போக என்ன வேண்டும் என்று துப்பறிவாளர் பையனையே கேட்டார். அவன் தெளிவாகச் சொன்னான். விளக்கு கண்ணில் அடிக்கக் கூடாது. தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது. தாய் பல் மருத்துவருக்குத் தொலைபேசியில் அத்தனையையும் ஒப்பித்து, ஒவ்வொன்றுக்கும் சம்மதம் வாங்கிய பிறகே நேரம் குறித்தாள். பெரியவரும் பக்கத்து நாற்காலிக்கு நேரம் கேட்டார். ஒரு வருஷமாக அவருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

பல் சரியாகி, கன்னத்தில் சதை திரும்பிய பிறகு ஒரு நாள் அவர்கள் துப்பறிவாளரையும் தம்பியையும் பட்டறைக்கு அழைத்தார்கள். ஹெட்போன் இரண்டு காதிலும் இருந்தது. பையன் காந்தக் கிண்ணத்திலிருந்து கடைசி ஆணியை எடுத்து, சிவப்பு நாற்காலியில் அடித்தான். வரிசை நின்ற இடம் எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டாசு ஸ்கேல் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்துத் தோற்றார்.

"உட்காருங்க பெரியப்பா," என்றான்.

பெரியவர் வழக்கம்போல நுனியில் உட்கார்ந்தார். மெத்தையை அழுத்தினார். குழி உடனே எழும்பியது.

"முழுசா உட்காரணும். அப்பதான் சோதனை," என்றான் பையன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, தன் ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையில், முதுகைச் சாய்த்தார்.