உள்பக்கத் தாழ்ப்பாள்

தேவாலயத்துப் பங்கு மண்டபத்தின் கதவுகளுக்குத் தாழ்ப்பாள்கள் எல்லாமே வெளிப்பக்கம் இருந்தன. உள்ளே இருப்பவர்கள் தாழிட ஒரு கொக்கிகூட இல்லை. ஆட்டுக்கொட்டகைக்குத்தான் இப்படி வைப்பார்கள் என்று தச்சன் சிரித்தான். மரத்தூள் கூட்டிக்கொடுக்க வந்திருந்த அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க மூச்சு முட்டுதுங்க. சீக்கிரம் முடிங்க, போயிடலாம்."

நூற்றாண்டு விழாவுக்குள் தாழ்ப்பாள்களை உள்ளே மாற்றச் சொல்லியிருந்தார் பங்குச் செயலாளர். வேலை கொடுக்கும்போதே முறைத்துக்கொண்டு கொடுக்கிற மனிதர்.

"ஏன் சார் வெளியில வச்சாங்க?"

"வந்த வேலையப் பாரு." பிறகு என்ன நினைத்தாரோ, வாசற்படியைத் தாண்டாமலே சொன்னார். "விஷக்காய்ச்சல் வந்த வருஷம் நோயாளிங்கள இதுக்குள்ளதான் போட்டாங்க. வெளியில தாழ்ப்பாள் போட்டது நம்ம பங்கு ஆளுங்கதான்."

"அப்புறம் எப்ப தொறந்தாங்க?"

"சத்தம் நின்னப்புறம்."

அதற்குப் பிறகு இதே தரையில் எத்தனை கல்யாண விருந்து நடந்திருக்கும்! தச்சன் தரையைக் குனிந்து பார்த்தான்.

கதவுகளின் உட்புறம், இடுப்பு உயரத்துக்குக் கீழே முழுக்கக் கீறல்கள். எலி என்று நினைத்திருந்தான். இழைப்புளியைத் தள்ளத் தள்ள, சுருண்டு விழுந்த மரத்திலிருந்து மர வாசனை வரவில்லை. நாள்பட்ட வேர்வையும் மருந்தும் கலந்த, நோயாளியின் போர்வையை உதறினால் வருகிற நெடிதான் வந்தது, அது நாக்கில் ஒட்டிக்கொண்டு எச்சில்கூட விழுங்க விடவில்லை. கீறல்களை வழித்தெடுத்தான். வெளித் தாழ்ப்பாள்களைக் கழற்றி, கதவின் மறுபுறம்வரை போன அவற்றின் துளைகளை மரத்தூள் குழைத்த மக்கு வைத்து அடைத்தான். புதிய தாழ்ப்பாள்களை உள்ளே பொருத்தி, எண்ணெயும் விட்டான். இனி யாரையும் இதற்குள் வைத்துப் பூட்ட முடியாது என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பொழுது சாயும்போது கருவிப்பெட்டியோடு வெளியே வந்தான். மனைவி உள்ளே கடைசி மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம் கேட்டது. நின்றது.

கதவு மூடிக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் நகர்வது கேட்டது. அவன் எண்ணெய் விட்ட தாழ்ப்பாள், வழுக்கிக்கொண்டு. பக்கத்துக் கதவிலும். அதற்கடுத்ததிலும்.

"ஏய், விளையாடாத! தொற!"

"நான் போடலங்க." குரல் கதவருகே இல்லை, மண்டபத்தின் நடுவிலிருந்து வந்தது. "இவங்க..."

தோளால் இடித்தான். நகத்தால் பிறாண்டினான். "சார், ஓடி வாங்க!" என்று கத்தினான். தெருவாசலில் நின்றிருந்த செயலாளர் அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

மக்கு உதிர்ந்தது. ஒவ்வொரு துளையாக. உள்ளிருந்து தள்ளி.

கண்ணை வைத்துப் பார்த்தான்.

தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒட்டிய கன்னங்கள். வெடித்த உதடுகள். நடுவில் ஓர் இடம் காலி. அவன் மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அங்கே போய்ப் படுத்தாள். யாரோ அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்கள்.

எல்லா முகங்களும் துளையை நோக்கித் திரும்பின. கடைசியாக அவளுடையது.

வெளியே தாழ்ப்பாள் போட்டவனைப் பார்ப்பதுபோல் அவளும் அவனைப் பார்த்தாள்.